ஆண்டறிக்கையில் புகுந்த யானைகள்

பாறசாலை,
பொதுக்குழு கழிந்த மறுநாள் காலை.

பெங்களூரில் குளிரூட்டிய அறைக்குள் வைத்து வளர்க்கப்படும் சிரஞ்சீவி மருமகன் ராஜீவுக்கு,

உன் அத்தையின் புருஷனும், நம் இசக்கியம்மன் கோயில் உற்சவக் கமிட்டியின் செயலாளரும், நேற்று மாலை முதல் கேரளம், தமிழ்நாடு என்ற இரு மாநிலங்களிலும் புகழ் பெற்றவனுமான உன் தாணுலிங்கம் மாமா ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தை சண்முகவடிவும் தொழுவத்தில் பசுவும் நலம். என் மானம் மட்டும் படுத்த படுக்கையாகக் கிடக்கிறது. உன் நலத்தைப் பற்றி நீ பதில் எழுத வேண்டாம். அடுத்த முறை ஊருக்கு வரும்போது அதை நான் நேரிலேயே கவனித்துக்கொள்கிறேன்.

ஓணத்துக்கு நீ வந்திருந்தாய். மூன்று பாயசம் குடித்துவிட்டு, வயிற்றைத் தடவிக்கொண்டு என் கம்ப்யூட்டர் பக்கம் வந்தாய். நான் கமிட்டியின் ஆண்டறிக்கையை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துச் சிரித்தாய். "மாமா, இதையெல்லாம் கையாலயாக்குமா செய்யுதிய? ஒரு வரி அடிச்சா மதி, எல்லாம் தானா நடக்கும்" என்றாய். எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். இலவசம் என்றாய். அந்தச் சொல்லில்தான் என் வாழ்க்கை கவிழ்ந்தது. நம் குடும்பத்தில் இலவசம் என்று சொன்னால் நல்ல பல்லையும் பிடுங்கிக்கொள்ள வரிசையில் நிற்பார்கள் என்பது உனக்குத் தெரியாதா? ஒரு கறுப்புத் திரையைத் திறந்து வைத்தாய். அதில் படம் இல்லை, பொத்தான் இல்லை, ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் பனச்சமூட்டில் கடைசி பஸ்ஸை விட்டவன் போல விழித்து விழித்து நின்றது. எலியைத் தொட வேண்டாம் என்றாய். உலகம் முழுக்கப் பெரிய பெரிய மூளைக்காரர்கள் ராத்திரி பகலாக உட்கார்ந்து சும்மா கொடுத்த சாமான்கள் இவை என்றாய். கூடவே வந்த குறிப்பை நீ போன பிறகு உட்கார்ந்து படித்தேன். இதனால் உங்களுக்கு என்ன கேடு வந்தாலும் நாங்கள் பொறுப்பில்லை என்று அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். அடடா, இவர்களும் கமிட்டிக்காரர்கள்தான் என்று அப்போதே எனக்கு ஒரு பாசம் வந்துவிட்டது.

சாமான்களின் பெயரைக் கேட்டால் நாய்க்குக்கூட வைக்க மாட்டார்கள். கிரெப் என்று ஒன்று. ஒரு சொல்லைக் காட்டினால் அது இருக்கும் வரிகளையெல்லாம் காதைப் பிடித்து இழுத்துவந்து நிறுத்தும். சார்ட் அகரவரிசையில் அடுக்கும். யூனிக் என்பது ஒன்றுபோல் இருப்பவற்றில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கொன்றுவிடும். செட் என்பது ஒரு சொல்லைப் பிடுங்கிவிட்டு அந்தக் குழியில் இன்னொரு சொல்லை நடும். ஆக் என்றும் ஒன்று உண்டு என்றாய். அது என்ன செய்யும் என்று கேட்டேன். எல்லாம் செய்யும் என்றாய். எல்லாம் ஆக்குவதால் ஆக் ஆக்கும் என்று நானே அர்த்தம் பண்ணிக்கொண்டேன்.

இதெல்லாம் எனக்கு ஏன் வேண்டியிருந்தது என்று கேட்பாய். நம் கமிட்டித் தலைவி ஆனந்தலட்சுமி டீச்சரை உனக்குத் தெரியும். ஊதுபத்தியின் மேல் பாலராமபுரம் சேலையைச் சுற்றி நிறுத்தினது போல் இருப்பார். தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். டீச்சர்தான் ஓய்வு பெற்றாரே தவிர அவருடைய சிவப்புப் பேனா இன்னும் பணியில் இருக்கிறது. போன வருஷப் பொதுக்குழுவில் நான் அறிக்கை வாசிக்கும்போது, உற்சவத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் குடிக்க வெள்ளம் கொடுத்தோம் என்று வாசித்தேன். இந்தப் பக்கத்தில் பிறந்தவன் தாகத்துக்கு வெள்ளம் குடிக்காமல் வேறெதைக் குடிப்பான்? டீச்சர் கையை உயர்த்தி நிறுத்தி, "வெள்ளமா கொடுத்தீர்கள் செயலாளரே? எத்தனை வீடு மிதந்தது?" என்று கேட்டார். சபை சிரித்தது. பொருளாளர் தங்கப்பன் சிரித்த சிரிப்பில் அவன் வேட்டி அவிழ்ந்து, அதைக் கட்டிக்கொண்டே மறுபடியும் சிரித்தான். டீச்சர் அதோடு விடவில்லை. அடுத்த வருஷ அறிக்கையில் ஒரு மலையாளச் சொல் இருந்தாலும் வேறொரு செயலாளரை நானே முன்மொழிவேன் என்று சபையில் சத்தியம் செய்துவிட்டார். அந்த வேறொரு செயலாளர் யார் என்பதைத் தங்கப்பன் அன்றைக்கே முடிவு செய்து கண்ணாடி முன்னால் நின்று பழக ஆரம்பித்துவிட்டான். அவன் கையில் வேறு ஓர் ஆயுதமும் உண்டு. நான் செயலாளரான நாள் முதல் உற்சவத்துக்கு ஆனை வந்ததில்லை என்பது. கடைக்குக் கடை ஏறி, ஆன எங்கே, ஆன எங்கே என்று கேட்டு, ஏதோ நான் ஆனையை மடியில் கட்டிக்கொண்டுபோய் வீட்டில் ஒளித்துவைத்தது போல் ஊரை நம்பவைத்திருந்தான்.

மருமகனே, இந்தச் செயலாளர் பதவி போனால் எனக்கு என்ன மிச்சம்? வீட்டில் தலைவி, பொருளாளர், பொதுக்குழு எல்லாம் உன் அத்தைதான். நான் பார்வையாளர். ஊரிலே மைக்கை முதல் ஆளாகப் பிடித்து ஹலோ ஹலோ சொல்லும் உரிமை ஒன்றுக்காகத்தான் நான் காலையில் பல்லே துலக்குகிறேன். அதனால் உன் சாமான்களைக் கையில் எடுத்தேன்.

முதலில் உறுப்பினர்களுக்கு நோட்டீஸ் அனுப்பும் வேலை. பெயர்ப் பட்டியலைச் சார்ட்டிடம் கொடுத்தேன். அடுக்கியது. சொன்ன சொல் கேட்கிறதே என்று யூனிக்கிடமும் கொடுத்தேன். இரட்டிப்பாக வந்த பெயர்களைக் களைந்து தரும் என்று நீதானே சொன்னாய். களைந்தது. நம் ஆட்கள் வீட்டுப் பெயரும் இனிஷியலும் இல்லாமல் வெறும் பெயராகத்தான் எழுதிக் கொடுத்திருந்தார்கள். தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைக்கும் குடும்பம் நம்முடையது. ஒரு தாத்தாவுக்கு எத்தனை பேரனோ அத்தனை தாணுலிங்கம். கல்யாண வீட்டில் தாணு என்று கூப்பிட்டால் பாதிப் பந்தி எழுந்து நிற்கும். அத்தனை தாணுலிங்கத்தையும் யூனிக் ஒரே தாணுலிங்கமாக்கி, மிச்சப் பேரை ஒரு சத்தமும் இல்லாமல் பரலோகம் அனுப்பிவிட்டது. மிஞ்சிய ஒரு தாணுலிங்கத்துக்கு நோட்டீஸ் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. அது நான். எனக்கு நானே அனுப்பி, நானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். தங்கப்பனுக்கு எதிராக எனக்குக் கை தூக்க இருந்த ஓட்டு முழுவதும் அந்தத் தாணுலிங்கங்கள்தான் என்பதை நீ மறக்க வேண்டாம்.

இது எனக்குத் தெரியாமலேயே அடுத்த வேலையில் இறங்கினேன். செட்டை வைத்து அறிக்கையை மலையாளத்திலிருந்து மீட்கும் வேலை. எஸ் என்று போட்டு, சாய்ந்த கோடு, பழைய சொல், மறுபடி சாய்ந்த கோடு, புதிய சொல், இன்னொரு சாய்ந்த கோடு, கடைசியில் ஒரு ஜி. அந்த ஜி இல்லாவிட்டால் ஒரு வரியில் முதலில் கண்ட சொல்லோடு நின்றுவிடும் என்றாய். வடக்கே இருந்து வந்த சாமான் போலிருக்கிறது, ஜி போட்டால்தான் முழு வேலை செய்யும் என்று நினைத்து மரியாதையாகப் போட்டேன். வெள்ளம் எல்லாம் தண்ணீர் ஆயிற்று. அடுத்தது சம்சாரம். தலைவியின் சம்சாரம் எல்லாரையும் கவர்ந்தது என்று எழுதியிருந்தேன். மலையாளத்தில் அது பேச்சு, தமிழில் பெண்டாட்டி. டீச்சருக்குப் பெண்டாட்டி உண்டு என்று நான் எழுதினால் என் எலும்பு மிஞ்சுமா? சம்சாரத்தை எல்லாம் பேச்சாக்கினேன், ஜி போட்டு. கடைசியாக ஆன. அறிக்கை முழுவதிலும் இருந்தது ஒரே ஓர் ஆனதான். அதுவும் வராத ஆன. கடந்த உற்சவத்தில் ஆன இல்லாமல் எழுந்தருளல் நடந்தது என்று ஒரு வரி. அதைக் கையால் திருத்த ஒரு கொட்டாவி விடும் நேரம் போதும். ஆனால் பீரங்கி கையில் இருக்கும்போது கொசுவைக் கையாலா அடிப்பான் மனுஷன்? ஆன எல்லாவற்றையும் யானையாக்கு ஜி என்று உத்தரவு போட்டேன்.

சாமான் ஒன்றும் சொல்லவில்லை. ஆயிற்று என்றோ, ஆகவில்லை என்றோ, ஒரு மூச்சு இல்லை. வெள்ளைக் கோடு மறுபடியும் விழித்துக்கொண்டு நின்றது. வேலை ஒழுங்காக நடந்தால் அது வாய் திறக்காது என்று நீ சொல்லியிருந்தாய் அல்லவா? உன் அத்தையைக் கூப்பிட்டு, பார்த்தாயா, செய்த வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பெருமை பேசுகிறதா என்று காட்டினேன். அவள் சுளவில் அரிசியைப் புடைத்துக்கொண்டே, "பேசாம இருக்குன்னா பயப்படணும் கேட்டியளா. நான் பேசாம இருந்தா நீங்க பயப்படுவியளா மாட்டியளா?" என்றாள். அந்த நேரத்தில் நான் அதைச் செவிமடுக்கவில்லை. படித்துப் பார்க்காமல் அச்செடுத்து, கச்சிதமாக மடித்து, விபூதி பூசி வைத்தேன்.

நேற்றைக்குக் கோயில் மண்டபத்தில் பொதுக்குழு. நோட்டீஸ் போகாத தாணுலிங்கங்கள் அத்தனை பேரும் டீக்கடையில் செய்தி கேட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றார்கள். நம் செங்கல் கிராமத்துத் தாணுலிங்கம் அண்ணன் என் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

"எலே தாணு, பேரு எனக்கும் உனக்கும் ஒண்ணுதான். நோட்டீசு மட்டும் உனக்காக்குமோ?"

நாம் எல்லாரும் ஒரே ஆள் என்று கம்ப்யூட்டர் நினைத்துவிட்டது அண்ணா என்றேன்.

"அப்பிடியா. அப்பம் இன்னையில இருந்து உன் வீட்டுலதான் எனக்குச் சோறு. உன் பெண்டாட்டி வந்து கேட்டா, நீ தின்னாச்சுன்னு சொல்லிக்கிடுதேன்."

மற்ற தாணுலிங்கங்கள் சிரிக்கக்கூட இல்லை. போய்த் தங்கப்பன் பக்கத்து நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்தார்கள். என் சொந்தப் பெயரே எனக்கு எதிராக உட்கார்ந்திருக்கும் காட்சியை மூவுலகிலும் வேறு எந்தச் செயலாளரும் கண்டிருக்க மாட்டான். இனி அறிக்கை ஒன்றுதான் கதி என்று கையில் எடுத்தேன். டீச்சர் அதை வாங்கிக்கொண்டார். சத்தியம் செய்தது நான், அதனால் வாசிப்பதும் நானே என்றார். மூக்குக் கண்ணாடியை ஏற்றினார். எழுதியிருப்பதை எழுதியபடியே வாசிப்பது அவருடைய கொள்கை. தப்பாக எழுதியவனுக்கு அதுதான் தண்டனை என்று பள்ளிக்கூடத்திலும் சொல்வார்.

"மதிப்பிற்குரிய தலைவி யானைந்தலட்சுமி அவர்களே" என்று வாசித்தார். நின்றார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மண்டபத்துக் குத்துவிளக்கு ஒருமுறை குறைந்து எரிந்ததை என் கண்ணால் கண்டேன். அப்போதுதான் மருமகனே, அந்தச் சாமான் செய்த வேலை எனக்கு விளங்கியது. அதற்கு ஆனை எது, ஆள் எது என்று தெரியாது. ஆ, ன என்று இரண்டு எழுத்து பக்கத்தில் பக்கத்தில் நின்றால் போதும், கோயில் பிள்ளையார் போல யானை முகத்தை வைத்துவிட்டுப் போய்விடும்.

அவர் நிறுத்தவில்லை. ஆனி மாதம் யானை மாதம் ஆகி, ஆனியின் இகரக் கொக்கி மட்டும் வாழ இடமில்லாமல் ஒரு புள்ளி வளையத்தின் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. டீச்சர் அதையும் விடாமல் யானை இ மாதம் என்று வாசித்தார். மழை பலமாகப் பெய்தது, ஆனால் திருப்பணி நிற்கவில்லை என்று நான் எழுதியிருந்த இடத்தில் யானை, ஒரு வளையம், அதில் ஒரு கால், பிறகு ல். மழை பலமாகப் பெய்தது, யானைக்கால் திருப்பணி நிற்கவில்லை என்று முழங்கினார். நான் நிதானமான ஆள், ஒரு வரிக்கு ஓர் ஆனால் போடாமல் எழுத மாட்டேன். அத்தனையும் யானைக்கால் ஆகி, கமிட்டிக்கே அந்த நோய் கண்டது போல் ஆயிற்று. ஆன்மிகச் சொற்பொழிவு யானை மிகச் சொற்பொழிவு ஆனது. பக்தர்கள் யானைந்தம் அடைந்தார்கள். நடுவில், பொருளாளர் தங்கப்பனின் பேச்சு லேகா பாயசம் வைத்தார் என்று வந்தது. பெண்டாட்டி என்ற பொருளில் எழுதிய சம்சாரத்தையும் பேச்சாக மாற்றிய ஜி அது. தங்கப்பன் துள்ளி எழுந்தான். ஆனால் அவன் வாய் திறக்குமுன் லேகா எழுந்து, "சரியாத்தான் எழுதியிருக்கு. இவியளுக்க பேச்சு நான்தான். இவியளுக்கு வீட்டுல வாயி ஏது?" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பெண்கள் பக்கம் முழுவதும் கைதட்டியது.

இனிதான் அதிசயம். மண்டபத்து மின்விசிறி போடுகிற சத்தத்தில் பின்வரிசைக்கு எந்த வாக்கியமும் முழுதாகப் போய்ச் சேராது. அங்கே சேர்ந்தது ஒரே ஒரு சொல். யானை. மறுபடி யானை. அடுத்த வரியிலும் யானை. கடைசி வரிசையில் இருந்த பரமசிவன் அண்ணாச்சிக்குக் காது பாதி. அவர் கைவிரலை மடக்கி எண்ணத் தொடங்கி, விரல் தீர்ந்து, பக்கத்தில் இருந்தவன் விரலையும் மடக்கினார். "இத்தற ஆன உண்டா? நம்ம தாணு சத்தமில்லாம ஏற்பாடு செய்திருக்கான் பாத்தியா" என்று சொன்னார். அது தீப்பிடித்தது. நம் ஜனம் ஆனை என்றால் சொந்த மகன் கல்யாணத்தையும் விட்டுவிட்டு ஓடும். கடந்த உற்சவத்தில் யானை இல்லாமல் எழுந்தருளல் நடந்தது என்ற அந்த ஒரே உண்மையான வரியை டீச்சர் வாசிக்கும்போது, யானை என்று கேட்டதுமே பெண்கள் எழுப்பிய குரவை ஒலியில் மிச்சம் அமுங்கிப்போனது. தங்கப்பன் நாற்காலிமேல் ஏறி, ஆன எங்கே என்று தன் பழைய பாட்டைத் தொடங்கினான். "எலே இறங்குலே, ஆனதான் வருவுதுல்லா, வாசிக்க விடு" என்று செங்கல் தாணுலிங்கம் அண்ணனே அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தார். அது இந்த வருஷமும் அவிழ்ந்தது.

டீச்சர் வாசித்து முடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் உயிர் அந்தக் கண்ணாடித் துணியில் சுற்றிக் கிடந்தது.

"அறிக்கையில் மலையாளச் சொல் ஒன்றுகூட இல்லை" என்றார். "தமிழும் இல்லை. ஆனால் நான் சத்தியம் செய்தது மலையாளத்தைப் பற்றி மட்டும்."

அவ்வளவுதான். அத்தனை தாணுலிங்கமும் இரண்டு கையையும் தூக்கினார்கள். போட்டியின்றி நானே செயலாளர். மாலை போட்டார்கள். மைக்கைப் பிடித்து ஒரு ஹலோ சொல்லியிருப்பேன். அதற்குள் தங்கப்பன் வேட்டியைக் கட்டிக்கொண்டு எழுந்து, முகத்தில் ஒரு பாலும் பழமும் வழிய, அறிக்கையில் கண்ட யானைகள் அனைத்தையும் செயலாளர் அடுத்த உற்சவத்தில் எழுந்தருளச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பதவி விலக வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தான். சபை அதையும் குரவையோடு நிறைவேற்றியது. அவன் இருபது வருஷம் எனக்கு எதிராகப் பேசியதில் சோடை போகாத முதல் பேச்சு இதுதான். யார் எழுதிக் கொடுத்தது என்று லேகாவின் முகத்தைப் பார்த்தேன், தெரிந்துவிட்டது.

இப்போது என் நிலைமையைப் பார். நான் எழுதிய ஒவ்வோர் ஆனாலுக்கும் ஒரு யானை கொண்டுவர வேண்டும். அத்தனையையும் வரிசையாக நிறுத்தினால் முதல் யானையின் தும்பிக்கை நம் கோயில் வாசலிலும் கடைசி யானையின் வால் பாலராமபுரத்துத் தறிகளுக்கு உள்ளேயும் கிடக்கும். விடியும் முன்பே நெய்யாற்றின்கரையிலிருந்து ஒரு தரகர் போனில் கூப்பிட்டு, எனக்குத் தருவதற்குக் கேரளத்தில் இனி யானை போதாது, கர்நாடகத்தில் சொல்லி வைக்கட்டுமா என்று கேட்டார். உன் அத்தை, யானைகளைத் தொழுவத்தில் கட்டினால் பசுவை எங்கே கட்டுவது, உங்கள் கட்டிலிலா என்கிறாள். வழியில் போகிற குழந்தைகள் வேலியில் எட்டிப்பார்த்து, மாமா, குட்டியும் வருமா என்கின்றன.

நேற்று ராத்திரி உனக்கு விவரம் சொல்லிச் செய்தி அனுப்பினேன். அதற்கு நீ அனுப்பிய பதில் என்ன? சொல் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு மறுபடி ஓடவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் மாமா, இதற்குப் போயா என்று ஒரு சிரிக்கும் மஞ்சள் மூஞ்சியையும் ஒட்டி அனுப்பியிருக்கிறாய். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் யானையைத் திருப்பலாம். ஊரின் காதுக்குள் புகுந்துவிட்ட யானையை எந்த எஸ் போட்டு, எந்தச் சாய்ந்த கோடு போட்டுத் திருப்புவாய்? அதற்கும் ஒரு ஜி உண்டென்றால் சொல், ஐயா ஜி, பெரிய ஜி என்று காலில் விழுந்தே போடுகிறேன்.

ஆகவே என் ஆணை இது. லீவு போட்டு உடனே வா. வந்து கிரெப், செட், யூனிக், ஆக் முதலான அந்த ராட்சசக் கூட்டம் முழுவதையும் என் கம்ப்யூட்டரிலிருந்து வேரோடு பிடுங்கி எடு. நானே அழித்திருப்பேன், அழிக்கும் கட்டளையிலும் நான் ஜி போட்டுவிட்டால் வீடு மிஞ்சாது என்று உன் அத்தை தடுத்துவிட்டாள். இனி என் ஆயுள் உள்ளவரை அந்தக் கறுப்புத் திரையைத் திறப்பதில்லை என்று இன்று காலை குளித்து ஈரத்துணியோடு இசக்கியம்மன் நடையில் நின்று சத்தியம் செய்திருக்கிறேன். கம்ப்யூட்டரின் மேல் அத்தையின் பழைய சேலையைப் போர்த்தி, அதன்மேல் ஓர் எலுமிச்சம்பழமும் வைத்தாயிற்று.

அம்மன் அருளால் உன் சம்பளம் உயரட்டும், தலைமுடி உதிராமல் இருக்கட்டும், நீ ஊருக்குக் கிளம்பும் நாளில் உன் மேலதிகாரிக்குக் காய்ச்சல் வரட்டும். உன் அப்பாவிடம் நான் கோபமாக இல்லை என்றும், உன்னிடம் கோபமாக இருக்கிறேன் என்றும் தனித்தனியாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
யானைகளால் சூழப்பட்ட
உன் தாணுலிங்கம் மாமா

பி.கு: சாமான்களை அழிக்க வேண்டாம், லீவும் போட வேண்டாம். மத்தியானச் சோறு கழிந்து எனக்கு ஞானம் பிறந்தது. நேற்றைய தீர்மானத்தை அறிக்கையோடு சேர்த்துத் தட்டித் தலைவியின் கையெழுத்துக்கு அனுப்ப வேண்டியவன் செயலாளர்தானே? கையெழுத்து ஆனதுதானே கணக்கு, காதில் விழுந்தது அல்லவே. அடுப்பில் உன் அத்தை பானையை ஏற்றுவதைப் பார்த்தேன். யானைக்கும் பானைக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். எலுமிச்சம்பழத்தை இறக்கி வைத்துவிட்டு, சேலையை விலக்கி, யானை எல்லாம் பானை ஆக்கு என்று ஒரே உத்தரவு. இப்போது தீர்மானப்படி நான் கொண்டுவர வேண்டியது அத்தனையும் பானை. அம்மனுக்குப் பொங்கலிடும் பொங்காலைக்குப் பெண்கள் ஆளுக்கொன்று அவர்களே கொண்டுவந்துவிடுவார்கள். தங்கப்பன் வாயையும் லேகா வாயையும் சேர்த்தே அடைத்தாயிற்று. சாமான் இந்த முறையும் ஒன்றும் சொல்லவில்லை. அச்செடுத்து, பக்கத்து வீட்டு அஜேஷ் பைக்கில் டீச்சர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு நிம்மதியாக என் பிரதியைப் பிரித்தேன். முதல் வரி: மதிப்பிற்குரிய தலைவி பானைந்தலட்சுமி அவர்களே.

வாசலில் டீச்சரின் குடை மடங்கும் சத்தம் கேட்கிறது. "உள்ள கட்டிலுக்கடியில இருக்காவ, வாருங்கோ டீச்சர்" என்று உன் அத்தை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.